முதல் கிளாரினெட்

கடைக்காரர் புதுப் பெட்டியைத் திறந்து கிளாரினெட்டை எடுத்துக் கொடுக்கிறார். வாங்க வந்த மாணவர் அதை ஊதுவதற்கு முன் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். மேல் துண்டை மட்டும் கழற்றி, துளைகளை விரல்களால் அடைத்து, அடிவாயை உள்ளங்கையால் மூடி, மேல்முனையில் வாய்வைத்துக் காற்றை உள்ளிழுக்க வேண்டும். நல்ல வாத்தியம் என்றால் அந்த இறுக்கம் சில நொடி நிற்கும். வாயை எடுக்கும்போது 'பொக்' என்று சத்தம் கேட்கும். கேட்காவிட்டால், சாவிகளுக்கு அடியில் இருக்கும் பேட் ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை.

காற்று கசியும் கிளாரினெட்டில் கீழ் ஸ்வரங்கள் பேசாது, கீச்சிடும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு அது தெரியாது. தன் மூச்சுதான் போதவில்லை என்று நினைத்து மனம் தளரும். அதனால் விலைச் சீட்டைவிட இந்தச் சோதனை முக்கியம்.

அடுத்த கேள்வி, மரமா பிளாஸ்டிக்கா? தொழில்முறைக் கலைஞர்கள் பலர் வாசிப்பது ஆப்பிரிக்கக் கருமரத்தால் ஆன கிளாரினெட். தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வளரும் இந்த மரம் மிகக் கனமானது, இறுகியது. ஆனால் புது மரம் மூச்சின் ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஈடு கொடுக்காமல் வெடிக்கலாம். முதல் சில வாரங்கள் நாளுக்குக் கால்மணி, இருபது நிமிடம் என்றே வாசித்து, ஒவ்வொரு முறையும் உள்ளே துடைத்து வைக்க வேண்டும். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள் பழைய வீடுகளிலிருந்து எடுத்த ஆச்சா மரத்தைத் தேடிப் போவது இதே காரணத்தால்தான்: பல ஆண்டு காய்ந்த மரம் எளிதில் வெடிக்காது.

பள்ளி பேண்டில் சேர்ந்து, வெயிலில் நின்று வாசிக்கப்போகும் பிள்ளைக்கு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கே சரி. யமஹாவின் ஒய்.சி.எல்.-255 அப்படிப்பட்ட மாணவர் கிளாரினெட். பிளாஸ்டிக் என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் வாங்கினால் மிச்சமாகும் பணத்தில் நல்ல மவுத்பீஸ் வாங்கலாம். நாதம் பிறக்கும் இடமே அதுதான். அதை மாற்றினால், அதே கிளாரினெட் வேறு குரலில் பேசும். அதில் கட்டும் ரீட்டில் தொடக்கத்துக்கு இரண்டு அல்லது இரண்டரை எண் போதும். தடித்த ரீட் உதட்டை வருத்தும். நாகஸ்வரச் சீவாளிக்குக் காவிரிக்கரைக் கொறுக்கைத் தட்டை போல, கிளாரினெட் ரீட்டுக்கும் ஒரு நாணல் உண்டு. தெற்கு பிரான்ஸின் வார் பகுதி அதற்குப் பெயர்பெற்றது.

எந்த இசைக்கு வாங்குகிறோம் என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் டென்னர் 1700-ஐ ஒட்டி உருவாக்கிய இந்த வாத்தியத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விரல் முறைகள் உண்டு. பேண்டுகளில் பரவலாக இருப்பது, பாரிஸில் குளோசேயும் பஃபேயும் சேர்ந்து அமைத்து 1839-இல் காட்டிய போம் முறை. அதில் 17 சாவிகள். சாவிகள் குறைந்த ஆல்பர்ட் முறை இன்னொன்று. குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று பழைய ஆல்பர்ட் கருவியை வாங்கிவந்த பேண்டு மாணவர், பாடப்புத்தகத்தின் விரல் படத்தோடு மல்லாட வேண்டியிருக்கும். ஆசிரியர் கையில் எந்த முறை இருக்கிறதோ, அதையே வாங்குவது நல்லது.

கர்நாடக இசைக்கும் இந்த வாத்தியம் வளைந்து கொடுக்கும். திருச்சி ஏ.கே.சி. நடராஜனை 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பாராட்டியவர் நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. 2022-இல் நடராஜனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கர்நாடகம் கற்க வருபவர் சுருதியையும் கேட்டு வாங்க வேண்டும். பேண்டுகளில் வழக்கமான பி ஃபிளாட் கிளாரினெட்டின் அடிப்படைச் சுருதி நம் கணக்கில் ஆறரைக் கட்டை.

நாகஸ்வரம் பழகியவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. நாகஸ்வரத்தில் அதே விரலோடு மூச்சை அழுத்தினால் ஸட்ஜம் மேல் ஸட்ஜமாகும். கிளாரினெட்டிலோ அது மேல் ஸ்தாயிப் பஞ்சமமாகும், ஏனென்றால் அதன் உட்குழல் ஏறத்தாழ ஒரே அகலம். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். எல்லாத் துளைகளையும் மூடி, அடிமட்ட ஸ்வரத்தை நீளமாக ஊதி, இடது கட்டைவிரலுக்கு மேலே இருக்கும் ரெஜிஸ்டர் சாவியைத் தொட வேண்டும். உதடு இறுகாமல் அந்தப் பஞ்சமம் தானே ஏறி நின்றால், பெட்டியைக் கட்டச் சொல்லலாம்.