நேராவே கேளுங்க

ஆம்பூர்லேர்ந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. ஷூ கம்பெனியில வேலை. தம்பியை மனநல வார்டுல சேர்த்துட்டு கூடவே இருக்காங்க. "சாகணும்னு தோணுதான்னு டாக்டர் நேராவே கேக்கறாரு. இல்லாத நினைப்பை ஊட்டற மாதிரி இருக்கு. வேணாம்னு சொல்லட்டுமா?"

சொல்லாதீங்கம்மா. எத்தனை தடவை சொல்றது! கேக்கறதால அந்த நினைப்பு வராது. ஏற்கெனவே இருந்தா, இறக்கி வைக்க ஒரு இடம் கிடைக்கும்.

அதோட விட்டுடவும் கூடாது. சாவைப் பத்தி தம்பி மனசுல என்ன இருக்குன்னு பாக்கணும். பயமா? பாவம்ங்கறாரா? இல்ல, "நான் போயிட்டா வீட்டுக்குச் செலவு மிச்சம்"ங்கறாரா? இந்தக் கடைசிதான் என் வயித்தைக் கலக்கும். டேனரியில வேலை பாத்த ஒருத்தர், வார்டுல சாந்தமா இருந்தார். கடன் எவ்வளவு, எந்த மகளுக்கு எந்த நகைன்னு பொண்டாட்டிகிட்ட ஒப்பிச்சார். பொறுப்பு வந்துடுச்சுன்னு சொந்தக்காரங்களுக்கு சந்தோஷம். நர்ஸம்மா மட்டும் பக்கத்துல உக்காந்து, "நீங்க இல்லாட்டி இவங்க நல்லா இருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா?"ன்னாங்க. மனுஷன் உடைஞ்சு அழுதுட்டார். அன்னிக்கு டிஸ்சார்ஜை நிறுத்திட்டாங்க.

வேலூர் பாகாயத்துல சிஎம்சி ஆஸ்பத்திரியோட மனநல மையம் 1950-கள்லேர்ந்தே வீட்டு ஆளையும் கூடத் தங்க வைக்குது. ராத்திரி தம்பி முணுமுணுக்கறது டாக்டருக்குக் கேக்காது, உங்களுக்குத்தான் கேக்கும்.

ஒரு பாய் கேக்கறார்: "தற்கொலை ஹராம்னு சொல்லி வளர்த்த பிள்ளை, செய்வானா?" நம்பிக்கை கையைப் பிடிச்சு நிறுத்தும், உண்மைதான் பாய். ஆனா வாயையும் அடைச்சுடும். பாவம்னு ஆரம்பிச்சீங்கன்னா அப்புறம் பேசவே மாட்டான். மொதல்ல கேளுங்க.

நம்ம ஊர்ல தற்கொலையை மறைக்கறது கொஞ்சமா? 1994-லேர்ந்து 1999 வரைக்கும் வேலூர் பக்கத்து கணியம்பாடி ஒன்றியத்துல நடந்த சாவுகளை சிஎம்சிகாரங்க வீட்டு ஆளுங்ககிட்டயே விசாரிச்சாங்க. வருஷத்துக்கு லட்சம் பேருக்கு 95 தற்கொலை. நாட்டோட அரசுக் கணக்கைவிட பல மடங்கு!

தற்கொலைக்கு முயற்சி பண்ணா போலீஸ் கேஸ் ஆகுமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. 2017 மனநலச் சட்டம் தண்டிக்கச் சொல்லல, சிகிச்சை கொடுக்கச் சொல்லுது. அதைக் குற்றம்னு சொன்ன பழைய ஐபிசி 309-ம் பிரிவு 2024 ஜூலையோட போயாச்சு.

ஆம்பூர் அம்மா, தம்பி வீட்டுக்கு வந்த முதல் சில வாரம்தான் ரொம்ப ஜாக்கிரதை. மாத்திரை உங்க கையில இருக்கட்டும், அன்னன்னிக்கு உள்ளதை மட்டும் கொடுங்க. ஓபி தேதியைத் தவறவிடாதீங்க. நடு ராத்திரி பயமா இருந்தா 14416, டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. தம்பிதான் பேசணும்னு இல்ல, நீங்களே போன் போடலாம்.