கொழுப்பும் சுரப்பும்

தில்லியில் வாழும் நேயர்கள் மார்கழிக் குளிரில் நெய்ச் சாடியைத் திறந்து பார்த்திருப்பார்கள். கல்லாக இறுகியிருக்கும் அந்நெய், சித்திரை வெயிலில் தண்ணீராக உருகி நிற்கும். இறுகாமலும் உருகிவிடாமலும் இடைப்பட்ட பதத்தில் நிற்கவேண்டிய கொழுப்பு நம் உடலிலும் உண்டு. ஒவ்வோர் உயிரணுவையும் போர்த்தியிருக்கும் சவ்வே அது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டு லட்சத்தில் ஒரு பங்குதான். அச்சவ்வின் பதத்தைக் காக்கும் பொருள்களுள் முதன்மையானது கொலஸ்ட்ரால். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் கண்டு நாம் அஞ்சுகிறோமே, அதே கொலஸ்ட்ரால்தான்!

இதற்கும் சுரப்புக்கும் என்ன தொடர்பு? கணையத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள பீட்டா உயிரணுக்கள் இன்சுலினை ஆக்கி, நுண்ணிய பைகளில் அடைத்து வைத்திருக்கின்றன. நாம் உண்டபின் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. உடனே உயிரணுவுக்குள் கால்சியம் புகுகிறது. பை மேற்சவ்வோடு ஒட்டி ஒன்றாகிறது, வாய் திறக்கிறது, இன்சுலின் வெளியேறுகிறது. இவ்வாறு பைகள் உயிரணுக்களுக்குள்ளும் வெளியேயும் பொருள்களைக் கொண்டுசேர்க்கும் முறையை விளக்கியமைக்காக ராத்மன், ஷெக்மன், சூதோஃப் ஆகிய மூவரும் 2013இல் நோபல் பரிசு பெற்றனர்.

பையையும் சவ்வையும் இணைக்கும் வேலையைச் சில புரதங்கள் செய்கின்றன. அவை சவ்வில் ஆங்காங்கே கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. அக்கூட்டம் கலையாதிருக்கக் கொலஸ்ட்ரால் வேண்டும். எலியின் அட்ரினல் சுரப்பிக் கட்டியிலிருந்து பெற்ற உயிரணுக்களில் நடந்த ஓர் ஆய்வு 2001இல் வெளியாயிற்று. சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை உறிஞ்சி எடுத்தபோது புரதக் கூட்டங்கள் கலைந்தன, சுரப்பும் குன்றியது.

அப்படியானால் கொலஸ்ட்ரால் மிகுந்தால் சுரப்பும் மிகுமோ என்று கேட்கத் தோன்றும். மிகாது. மிகுதியான கொலஸ்ட்ராலை உயிரணுவிலிருந்து வெளியேற்றும் புரதம் ஒன்று உண்டு. சுண்டெலிகளின் பீட்டா உயிரணுக்களில் மட்டும் அதை இல்லாமற் செய்து பார்த்தனர். அவ்வணுக்களில் கொலஸ்ட்ரால் தேங்கியது. இன்சுலின் சுரப்பு தடைப்பட்டது. சர்க்கரையைச் சமாளிக்கும் ஆற்றல் குறைந்தது. இம்முடிவு 2007இல் வெளியாயிற்று. குறைந்தாலும் இடர், மிகுந்தாலும் இடர். அளவே உயிர்நாடி.

இங்கே ஒரு குழப்பத்தை நாம் நீக்கிக்கொள்ள வேண்டும். இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் வேறு, சவ்வில் நிற்கும் கொலஸ்ட்ரால் வேறு. உயிரணு தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்ளும்; இரத்தத்திலிருந்தும் ஏற்கும். ஆகவே, "கொலஸ்ட்ரால் உடலுக்கு வேண்டியதுதானே" என்று சொல்லி, இரத்தத்தில் அது ஏறிக்கிடப்பதை நாம் பொருட்படுத்தாமல் இருப்பது தவறு. மிகுந்த கொலஸ்ட்ரால் இரத்தக் குழாய்ச் சுவரில் படிந்து மாரடைப்புக்கு வழிவகுக்கிறது.

அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் நீரிழிவு வரும் வாய்ப்பை 9 விழுக்காடு கூட்டுவதாக, 13 ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய ஓர் அறிக்கை 2010இல் கூறியது. நூறு பேருக்கு ஒன்பது பேர் என்று இதற்குப் பொருளன்று; முன்னிருந்த சிறிய வாய்ப்பு அந்த அளவே கூடிற்று. இதய நோய்க்கு ஆளாகக் கூடியவர்களுக்கு மருந்தின் நன்மையே பெரிது. ஆதலால், இச்செய்தியைக் கேட்டு மாத்திரையை நாமாக நிறுத்திவிடலாகாது. சர்க்கரையையும் உடன் சோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பதே நாம் செய்யத்தக்கது.