கூடத்தில் நடந்தது



2021 பிப்ரவரியில், தென்கொரியாவின் சந்திரப் புத்தாண்டு விடுமுறையில், எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி ‘பொஹீமியன் ராப்சோடி’ படத்தை ஒளிபரப்பியது. குயீன் இசைக்குழுவின் பாடகர் பிரெட்டி மெர்க்குரியின் வாழ்க்கைக் கதை. அதில் ஆண்கள் இருவர் முத்தமிடும் காட்சிகளை வெட்டிவிட்டார்கள். பின்னணியில் துணை நடிகர்கள் முத்தமிட்டுக்கொண்ட இடத்தையும் விடவில்லை; அதை மங்கலாக்கினார்கள். இதே படத்தை 2018இல் வெட்டில்லாமல் திரையரங்கில் பார்த்த கொரியர்கள் 90 லட்சத்துக்கும் மேல்.

திரையரங்கில் பார்க்கலாம், வீட்டுக் கூடத்தில் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கக் கூடாது. கொரியத் தன்பாலீர்ப்பாளர்களின் கதை முழுதும் எனக்கு இந்தக் கூடத்திலேயே நடப்பதாகத் தோன்றுகிறது. அரசனுக்கும் பெண் வேடமிடும் கூத்துக் கலைஞனுக்கும் இடையிலான ஈர்ப்பைச் சொன்ன ‘அரசனும் கோமாளியும்’ 2005 இறுதியில் வெளியானது. 1 கோடியே 20 லட்சம் பேர் பார்த்தார்கள். அது பழைய காலத்து அரண்மனை. யார் வீட்டுக்கும் ஆபத்தில்லை.

நடிகர் ஹாங் சொக்-சொன் விஷயம் அப்படியல்ல. குழந்தைகள் நிகழ்ச்சியில் தோன்றி, எல்லார் கூடத்துக்கும் வந்துபோனவர் அவர். 2000இல் தாம் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். நிகழ்ச்சிகள் கைவிட்டுப் போயின. சியோலின் இத்தேவோன் பகுதியில் உணவகம் நடத்திப் பிழைத்தார். 2003இல் அவருக்குத் தொடர் ஒன்றில் மீண்டும் வேடம் கொடுத்தவர் எழுத்தாளர் கிம் சூ-ஹியன் அம்மையார். குடும்பத் தொடர்களின் பேரரசி என்றே அவரைச் சொல்லலாம்.

அந்த அம்மையார்தான் 2010இல் ‘வாழ்க்கை அழகானது’ தொடரை எழுதினார். ஜேஜு தீவில் ஒரு பெரிய குடும்பம். மூத்த மகன் மருத்துவர். அவன் நேசிப்பது ஓர் ஆணை. வீடு அழுகிறது, பிறகு அவனைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. இந்தத் தொடரைப் பார்த்து என் மகன் கெட்டு, எய்ட்ஸ் வந்து செத்தால் தொலைக்காட்சி நிலையமே பொறுப்பு என்ற பொருளில், பெற்றோர் பெயரால் நாளிதழில் விளம்பரம் வந்தது. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. எங்கோ ஒரு வீட்டில் அதே நாளிதழை அப்பா கையில் கொடுத்த மகனும் இருந்திருப்பானே என்ற நினைப்பு இன்றும் அகலவில்லை.

தங்களைக் குறிக்கக் கொரியத் தன்பாலீர்ப்பாளர்கள் ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். ஊரோடு ஒத்தவர் ‘இல்பான்’. அதன் முதலெழுத்து ஒன்று என்ற எண்ணையும் குறிக்கும். அதைத் திருப்பி, இரண்டு என்றும் வேறு என்றும் பொருள்படும்படி, தங்களை ‘இபான்’ என்றார்கள்.

பெற்றோரிலும் வேறு பெற்றோர் உண்டு. 2021இல் வெளியான ‘உன்னை நோக்கிய பாதை’ ஆவணப்படத்தில் இரண்டு தாய்மார். ஒருவர் தீயணைப்புத் துறையில் பணியாற்றியவர், மற்றவர் விமானப் பணிப்பெண். பிள்ளை வந்து உண்மையைச் சொன்னபின், எதுவும் புரியாமல் தொடக்கத்திலிருந்து கற்றுக்கொள்கிறார்கள். இவர்களைப் போன்ற பெற்றோர் சியோல் பால்புதுமையர் விழாவில் நின்று, வருகிற பிள்ளைகளை அணைத்துக்கொள்கிறார்கள். சொந்த அம்மாவிடம் சொல்ல முடியாத பிள்ளைகள் அந்தத் தோளில் தேம்பி அழுகிறார்கள். நான் பேச வந்ததே இதைச் சொல்லத்தான்.

சட்டம் மெதுவாக வருகிறது. தம்பதியாக வாழும் இரண்டு ஆண்களில் ஒருவரை, மற்றவரின் மருத்துவக் காப்பீட்டில் சார்ந்திருப்பவராக 2020இல் காப்பீட்டு நிறுவனத்தார் பதிந்தார்கள். செய்தி வெளியே தெரிந்ததும், தவறுதலாகப் பதிந்துவிட்டோம் என்று நீக்கினார்கள். இருவரும் நீதிமன்றம் போனார்கள். 2024 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. திருமணப் பதிவு அவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், மற்றவரின் காப்பீட்டில் மருந்து வாங்கலாம்.