கச்சையும் வாளும்



ஒரு காரியத்தில் முழு மூச்சாக இறங்குபவனைக் 'கச்சை கட்டிக்கொண்டு நிற்கிறான்' என்கிறோம். நமக்கு இன்று வெறும் பேச்சுவழக்காகிவிட்ட இத்தொடர், பண்டை ரோமாபுரிப் போர்வீரனுக்கு அன்றாட உண்மையாக இருந்தது. அவன் இடையில் கட்டிய அந்தக் கச்சையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

கி.பி. 69-ஆம் ஆண்டு, ரோமில் நால்வர் ஒருவர்பின் ஒருவராக அரியணை ஏறிய கலக ஆண்டாகும். அவர்களுள் மூன்றாமவனான விட்டெல்லியஸ் தன் படையுடன் தலைநகரை நெருங்கி, ஏழாவது மைல்கல்லருகே தங்கினான். வேடிக்கை பார்க்க நகரமக்கள் பாசறைக்குள் புகுந்தனர். குறும்பர் சிலர், வீரர்களின் கச்சைகளை அவர்கள் அறியாவண்ணம் அறுத்துவிட்டு, கச்சை கட்டியிருக்கிறீர்களா என்று கேட்டு நகைத்தனர். ஏளனத்திற்குப் பழகாத அவ்வீரர்கள் வாளை உருவி, ஆயுதம் ஏந்தாத மக்கள்மீது பாய்ந்தனர். மாண்டவர்களுள் ஒருவர், தம் மகனாகிய வீரனோடு உடன் வந்துகொண்டிருந்த தந்தை! டாசிட்டஸ் என்னும் வரலாற்றாசிரியர் இதனை எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு தோல்வாருக்காகவா இத்தனை கொலை என்று நாம் திகைக்கிறோம். அந்த வார் வீரனுக்கு என்னவாக இருந்தது என்பதை அறிந்தாலன்றி இத்திகைப்புத் தீராது.

முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த அன்னாயுஸ் டவர்சுஸ் என்னும் துணைப்படை வீரனின் கல்லறைக் கல் ஜெர்மனியிலுள்ள பாட் கிரொய்ட்ஸ்னாக் நகரில் உள்ளது. அதில் அவன் இடையில் இரண்டு வார்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. ஒன்றில் வலப்புறம் வாள் தொங்குகிறது; மற்றொன்றில் இடப்புறம் குறுவாள் தொங்குகிறது. இத்தகைய வார்களின்மீது உலோகத் தகடுகளை வரிசையாகப் பதிப்பர். அந்நூற்றாண்டின் இறுதியில் இவ்வழக்கம் மாறியது. இடைவார் ஒன்றாயிற்று, வாள் தோளிலிருந்து குறுக்கே வரும் வாரில் தொங்கலாயிற்று. கி.பி. 113-இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணில் இப்புதிய முறையைக் காணலாம்.

கல்லில் கண்டது மண்ணிலும் கிடைத்தது. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை அழித்த ஹெர்குலேனியத்தின் கடற்கரையில், 1982-இல் ஒரு வீரனின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தனர். வாளும் குறுவாளும் கச்சையின் அணித்தகடுகளும் அவனுடன் கிடந்தன. சாவிலும் அவனைப் பிரியாதது அந்தக் கச்சை.

கல்லும் எலும்பும் கச்சையின் வடிவத்தைக் காட்டுகின்றன. அதனை எவ்வாறு கட்டினர், கட்டியபின் உடல் எவ்வாறு உணர்ந்தது என்பவற்றை அவை சொல்லா. அதனை அறிய விரும்பிய சிலர், பழைய முறையில் உடையும் படைக்கலமும் செய்து தாமே அணிந்து பார்த்தனர். 1972-இல் இங்கிலாந்தில் எர்மைன் ஸ்ட்ரீட் கார்டு என்னும் குழு தோன்றியது. 1985-இல் மார்க்குஸ் யுங்கெல்மன் என்னும் ஜெர்மானிய வரலாற்றறிஞர், தோழர்களுடன் ரோம வீரர் கோலத்தில் வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஆக்ஸ்பர்க் வரை நடந்தே சென்றார்.

இவ்வாறு அணிய முற்படுபவன் செய்யும் முதல் தவறு, வெறும் இடையை அளந்து வாரை வெட்டுவது. அங்கி, அதன்மேல் தடித்த சட்டை, அதன்மேல் இரும்பு வளையக் கவசம் ஆகிய அனைத்தையும் அணிந்த பின்னரே அளக்க வேண்டும். புதுத்தோல் நாளடைவில் நீளும். ஆகவே பூட்டின் முள் நுழைவதற்கு உட்புறமாகச் சில துளைகளை மிகுதியாக இடவேண்டும்.

வளையக் கவசம் ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ளது. அதனை அப்படியே விட்டால் பாரம் முழுவதும் தோளில் இறங்கும். சில நாழிகையில் கழுத்து நோகும். கச்சையை இறுக்கிக் கட்டி, கவசத்தைச் சிறிது மேலே இழுத்துக் கச்சையின்மீது தொய்ய விட்டால், பாரத்தில் ஒரு பங்கை இடுப்பெலும்பு தாங்கிக்கொள்கிறது. தகடு பதித்த அழகுப்பொருள் என்று நாம் எண்ணிய கச்சை, சுமைதாங்கியாகவும் விளங்குவதை அப்போது உணர்கிறோம்.

அடுத்தது வாள். வலக்கையால் வீசும் வாளை இடப்புறம் தொங்கவிடுவதே இயல்பு என்று நாம் நினைப்போம். ஆனால் சாதாரண வீரன் வலப்புறமே தொங்கவிட்டான். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டினரான பாலிபியஸும் வாள் வலத்தொடையில் தொங்கியதாகவே எழுதுகிறார். காரணம், கேடயத்தைத் தூக்கியதும் விளங்கிவிடும். ஒரு மீட்டர் உயரமுள்ள கேடயம் இடக்கையில் இருக்கும்போது, வலக்கை உடலைக் கடந்து இடப்புறம் செல்ல இடமில்லை. வலப்புறம் செங்குத்தாகத் தொங்கும் வாளையோ, உள்ளங்கை வெளிநோக்கப் பற்றி மேலே இழுத்து முன்னே திருப்பினால் போதும். அதன் அலகு குறுகியதாதலால் எளிதில் வெளிவரும். கேடயம் அசைவதில்லை, அருகில் நிற்கும் தோழனையும் கை இடிப்பதில்லை.

ஆயினும் வார் தளர்ந்திருந்தால் இவையனைத்தும் கெடும். வாளை இழுத்தால் உறையும் கூடவே எழும். ஓடினால் உறை தொடையில் அடிக்கும். உறையில் நான்கு வளையங்கள் உள்ளன. அவற்றை வாரில் எவ்வாறு பிணைத்தனர் என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்துடையவர் அல்லர். அணிபவர்கள் பலவாறாகப் பிணைத்து, நடந்தும் ஓடியும் சோதிக்கிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரு முறை நன்றாகப் பயன்படுகிறது என்றால், அவ்வாறு கட்டியிருக்க முடியும் என்பதே பெறப்படும். அவ்வாறுதான் கட்டினர் என்பது பெறப்படாது. சோதனை கேள்வியைக் கூர்மையாக்கும். சான்று சொல்ல வேண்டியது கல்லும் மண்ணும் ஏடுமே.

இனி அந்தத் திகைப்புக்கு வருவோம். அகஸ்டஸ் பேரரசர் குற்றம் செய்த வீரர்களுக்கு விதித்த தண்டனைகளுள் ஒன்றை ஸுவெட்டோனியஸ் கூறுகிறார். கச்சையைக் களைந்து, வெறும் அங்கியுடன், நாள் முழுவதும் தலைவனின் கூடாரத்தின் முன் நிற்க வேண்டும். சவுக்கடி இல்லை, குருதி இல்லை. கச்சையின்றித் தளர்ந்து தொங்கும் அங்கியுடன் தோழர்கள் கண்முன் நிற்பதே தண்டனை! கச்சை இருந்தால் வீரன்; இல்லையேல் வீரனல்லன்.

நாள்தோறும் இடுப்பை இறுக்கி, சுமையைத் தாங்கி, வாளைக் கைக்கெட்டும் இடத்தில் நிறுத்திய அந்த வார், அவனுடைய மானமாகவே மாறிவிட்டது. ஏழாவது மைல்கல்லில் அதனை அறுத்தவர்கள் தோலை அறுப்பதாகவே எண்ணினர். அவர்கள் செய்தது விளையாட்டு; அதற்கு விலையாகப் போனவை உயிர்கள். அவ்விளையாட்டை அறியாத ஒரு தந்தையும் மகன் அருகிலேயே மடிந்தார். பிறர் பெரிதாகப் போற்றும் ஒன்றின் பொருளை அறியாமல் அதில் கைவைப்பது எத்துணைக் கொடிய விளைவைத் தரும் என்பதற்கு, நண்பர்களே, அந்தத் தந்தையின் மரணம் சான்றாக நிற்கிறது.