பிள்ளை பார்ப்பவருக்கு என்ன கூலி?

(ஆம்பூர் மகளிர் நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் ஷூ கம்பெனிக்குப் போகாத பெண் இல்லாத தெரு குறைவு. காலையில் வேன் வந்து நிற்கும்போது கைக்குழந்தையை யாரிடம் கொடுப்பது? வீட்டில் தாயாரோ மாமியாரோ இருந்தால் சரி. இல்லாதவர்கள் கணக்கைப் பாருங்கள். மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை பார்க்கும் அக்காவுக்கு 4,000. பாலுக்கும் சாப்பாட்டுக்கும் 1,500. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று 2 நாள் லீவு போட்டால் 900 ரூபாய்க்கு மேல் பிடித்தம். கையில் நிற்பது 5,500 சொச்சம். "இதற்காகவா போகிறாய், வேலையை விட்டுவிடு" என்கிறது வீடு.

இந்தக் கணக்கே கோணல் என்கிறோம் நாங்கள். பிள்ளை இருவருக்கும் பிறந்தது. செலவை மட்டும் ஏன் தாயின் சம்பளத்தில் கழிக்க வேண்டும்? பால்குடியைப் பற்றிப் பேசும் அல்பகரா 233-ஆம் வசனம் செலவைத் தகப்பன் மீதுதான் வைக்கிறது. வேறொரு பெண்ணிடம் பிள்ளையைக் கொடுப்பதில் குற்றமில்லை, அவளுக்குரியதை முறையாகக் கொடுத்துவிட வேண்டும் என்றும் அதே வசனத்தில் இருக்கிறது. நம் நபி (ஸல்) அவர்களே ஹலீமா அம்மையாரிடம் வளர்ந்தவர்கள்தாமே!

வசதியுள்ள வீட்டார் வேறு வழி கேட்டு அலுவலகத்துக்கு வருகிறார்கள். "ஏழைக் குடும்பத்துப் பெண்பிள்ளை இருந்தால் சொல்லுங்கள், வீட்டோடு வைத்துக்கொள்கிறோம். சாப்பாடு, துணி கொடுத்துக் கல்யாணமும் செய்து வைக்கிறோம்." நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வயது 12, 13. 14 வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் முதலே தடை. சட்டத்தை விடுங்கள், உங்கள் மகள் பள்ளிக்கூடம் போகும்போது அவள் உங்கள் பேரப்பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டுகிறாள். 18 வயது நிரம்பாத எந்தப் பெண்ணின் பெயரையும் நாங்கள் தரமாட்டோம். இது நிர்வாகக் குழுவின் முடிவு.

வயது வந்த பெண், விதவை, விரும்பி வந்து தங்குகிறார் என்றால் தடுக்கவில்லை. சம்பளம் மாதாமாதம் அவர் கையில் போகட்டும். வாரம் ஒரு நாள் விடுப்பு, உள்தாழ்ப்பாள் உள்ள அறை, வீட்டாரோடு பேச போன். நள்ளிரவில் பிள்ளை அழுது அவர் எழுந்தால் அதுவும் வேலைதான். இன்னொன்று: ரமளானில் கொடுக்கும் ஜகாத்தைச் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் ஏழையாக இருந்தால் ஜகாத் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் கூலி கடன்; கடனை ஜகாத்தால் அடைத்தால் இரண்டுமே நிறைவேறாது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

கம்பெனி நடத்துபவர்கள் சிலரும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்தது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, 50 பேர் வேலை செய்யும் இடமெல்லாம் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்றார்கள். தொட்டில் வாங்கிப் போட்டால் போதாது, ஆயாவும் வேண்டும். அங்கன்வாடி நல்ல ஏற்பாடு. ஆனால் ஷிப்டு விடும் முன்பே மூடிவிடுகிறார்கள்.

ஆகவே எங்கள் யோசனை இது. மதரஸா மாடியறை காலை மக்தப் முடிந்ததும் காலியாகத்தான் கிடக்கிறது. மாலை மக்தப் பிள்ளைகளை முன்கூடத்தில் உட்காரவைக்க ஹஜ்ரத் சம்மதித்துவிட்டார். 12 பிள்ளைகள், மஹல்லாவைச் சேர்ந்த 2 பெண்கள், அவர்களுக்கு மாதச் சம்பளம். பெற்றோர் முடிந்ததைக் கொடுக்கட்டும், குறைவதை ஸதகா நிதியில் ஈடுகட்டுவோம். எந்தச் சமூகத்துப் பிள்ளையானாலும் சேர்ப்போம். படிக்கட்டுக்குக் கதவும், ஜன்னலுக்குக் கம்பியும் போட்ட பிறகுதான் திறப்போம், இன்ஷா அல்லாஹ். கதவுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்று இன்றே சொல்லிவிட்டுப் போங்கள். வஸ்ஸலாம்.