அட்டையில் ஒரு பெயர்



வீட்டில் குழந்தை பிறந்தால் தெரு முழுக்க இனிப்புக் கொடுக்கிறோம். ஆனால், குடும்ப அட்டையில் அந்தப் பிஞ்சின் பெயரைச் சேர்க்கப் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள்.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உரிமை. அட்டையில் பெயர் இல்லை என்றால் அந்தப் பங்கும் இல்லை.

குழந்தையைச் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். திருமணமான பெண்ணுக்கு, முதலில் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்க வேண்டும். பிறகுதான் புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்க முடியும். ஒரே பெயர் இரண்டு அட்டைகளில் இருக்கக் கூடாது. வீட்டில் ஒருவர் காலமாகிவிட்டால், இறப்புச் சான்றிதழைக் கொடுத்துப் பெயரை நீக்க வேண்டும். மனம் கனக்கும் வேலைதான். ஆனாலும் செய்தாக வேண்டும். வீடு மாறினால் முகவரியையும் மாற்றுங்கள்.

இவற்றுக்கெல்லாம் இ-சேவை மையத்திலோ, உணவுப் பொருள் வழங்கல் துறையின் இணையதளத்திலோ விண்ணப்பிக்கலாம். வட்ட வழங்கல் அலுவலகத்தில் சரிபார்த்து ஒப்புதல் தருவார்கள். சந்தேகம் இருந்தால் 1967 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். ரேஷன் கடையில் கைரேகை பதியச் சொன்னால் தயங்காமல் பதியுங்கள். உரியவருக்கே பொருள் போகிறதா என்று பார்க்கும் ஏற்பாடு அது.

வீட்டில் இல்லாதவர் பெயரில் வாங்கும் அரிசி, இன்னொரு ஏழை வீட்டு உலைக்குப் போக வேண்டியது. இன்றைக்கே உங்கள் அட்டையை எடுத்து, அதிலுள்ள பெயர்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.