இரண்டு ஆசிரியைகளும் ஒரு நகைச்சுவைப் படமும்



பாடசாலையிலே கழியும் நாட்களே ஒருவரது வாழ்வில் இன்பம் நிறைந்த நாட்கள் என்று பரிசளிப்பு விழாக்களில் அதிபர்மார் பேசுவது வழக்கம். நானும் பேசியிருக்கின்றேன். பேசும் வேளையில் முன்வரிசைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்வதையும் கவனித்திருக்கின்றேன். ஆங்கிலேயரிடையேயும் இதே வாசகம் வழங்கி வருகின்றது. அதனையே பெயராகச் சூடி 1950 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஒரு நகைச்சுவைப் படம் வெளிவந்தது. 'தி ஹப்பியஸ்ட் டேஸ் ஒவ் யுவர் லைப்' என்பது அதன் பெயர். நம்மவருள் அதனைப் பார்த்தவர் மிகச் சிலரே. அப்படத்தைப் பற்றியும், அதனை உயர்த்தி நிறுத்திய இரு நடிகையரைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன்.

முதலிற் கதையைச் சொல்லிவிடுகின்றேன். நட்பேர்ண் கல்லூரி என்பது ஆண்பிள்ளைகளுக்கான ஒரு விடுதிப் பாடசாலை. அதன் அதிபர் வெதர்பி பொண்ட், இதனினும் பெரிய பாடசாலையொன்றுக்கு அதிபராகப் போகலாம் என்ற நம்பிக்கையில் இருப்பவர். புதிய தவணை தொடங்கும் வேளையில், இடமின்றித் தவிக்கும் இன்னொரு பாடசாலைக்கு இடங்கொடுக்குமாறு அரசாங்கத்திலிருந்து அறிவித்தல் வருகின்றது. வருவது ஆண்கள் பாடசாலை என்றே அவர் எண்ணியிருக்கின்றார். வந்து இறங்குவதோ பெண்கள் பாடசாலை! கந்தோரிலே நேர்ந்த தவறு அது. அதிபர் பொண்ட்டாக நடிப்பவர் அலஸ்டயர் சிம். வந்து சேரும் தலைமை ஆசிரியை விற்சேர்ச் அம்மையாராக நடிப்பவர் மார்கரட் ரதர்போர்ட். அவருடைய விளையாட்டு ஆசிரியை கொசேஜ் ஆக நடிப்பவர் ஜோய்ஸ் கிரென்பெல்.

இது வெறுங் கற்பனையன்று. 1939 செப்டெம்பரில் போர் மூண்டபொழுது, பிள்ளைகளும் தாய்மாருமாக ஏறத்தாழ 15 இலட்சம் பேர் இங்கிலாந்தின் நகரங்களை விட்டு நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஒரே கட்டடத்தில் ஒரு பாடசாலை காலையிலும் மற்றது மாலையிலும் நடந்த இடங்கள் பல. அந்த அனுபவம் மக்கள் மனத்தில் மாறாதிருந்த காலத்திலேயே ஜோன் டைற்றன் இதனை நாடகமாக எழுதினார். 1948 இல் இலண்டன் அப்பலோ அரங்கில் அது மேடையேறியபோதும் தலைமை ஆசிரியையாக நடித்தவர் ரதர்போர்ட் அம்மையாரே. பின்னர் பிராங் லோண்டர் அதனைப் படமாக நெறிப்படுத்தினார்.

கதை, உள்ளபடி சொல்வதானால், மெலிந்த கதைதான். பெரிய பாடசாலையின் ஆட்சிக்குழுவினரும் பெண்பிள்ளைகளின் பெற்றாரும் ஒரே நாளில் வந்துவிடுகின்றனர். முன்னவர் கண்ணிற் பெண்பிள்ளைகள் படலாகாது. பின்னவர் கண்ணில் ஆண்பிள்ளைகள் படலாகாது. இரு சாராரையும் இரு வழியாக அழைத்துச் சென்று, வகுப்பறைக்கு வகுப்பறை பிள்ளைகளை மாற்றி மாற்றி ஓட்டுகின்றனர். சிரிப்புக்குக் குறைவில்லை, ஆயின் ஓட்டம் சற்று நீண்டுவிடுகின்றது. ஆண்கள் பாடசாலையின் விளையாட்டு ஆசிரியரைக் கொண்டு செய்யப்படும் பரிகாசங்கள் இன்று பழமை தட்டிப்போயின. பிள்ளைகளுக்குத் தனித்தனி முகமில்லை. அந்த இரு நடிகையரும் இல்லையேல் இப்படத்தை நான் இரண்டாம் முறை பார்த்திருக்க மாட்டேன்.

அவர்கள் செய்தது என்ன? சிரிக்கவைக்க முயலாமை ஒன்றே. ரதர்போர்ட் அம்மையார் தாடையை முன்னே நீட்டி, தோள் நிமிர்த்தி, அந்நியமான ஒரு கட்டடத்துக்குள் நடந்து வருகின்றார். விருந்தினராக வந்தவர் சிறிது நேரத்தில் வீட்டுக்குரியவராகிவிடுகின்றார். அவருக்கு இது விளையாட்டன்று. தம்மை நம்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்குப் படுக்க இடமும் உண்ண உணவும் தேடவேண்டும். அதற்காக எவருடனும் மோத அவர் ஆயத்தம். அந்த உண்மையான அக்கறையே நம்மைச் சிரிக்கவும் வைக்கின்றது, அவர்பால் மதிப்புக் கொள்ளவும் வைக்கின்றது.

கிரென்பெல் அம்மையாரோ வேறு வகை. நெடிய உருவம், நீண்ட எட்டு, எவரையும் மகிழ்விக்கத் துடிக்கும் முகம். சேமக்கலத்தை மெல்லத் தட்டுமாறு தலைமை ஆசிரியை பணிக்க, இவர் முழுப்பலத்தோடு அறைந்துவிடும் கட்டம் ஒன்றுண்டு. இன்னொரு கட்டத்தில், தம்மைச் 'சொசேஜ்' என்றே அழைக்கலாம் என்று கூச்சத்தோடு சொல்கின்றார். பெயரோடு எதுகைபட மாணவியர் சூட்டிய பட்டப்பெயர் போலும். அப்பெயரையே நட்பின் அடையாளமாக நீட்டும் அந்தப் பெண்ணின் தனிமை, சிரிப்பின் நடுவே நெஞ்சைத் தொடுகின்றது.

இத்தன்மை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? 1892 இற் பிறந்த ரதர்போர்ட், குழந்தைப் பருவத்தில் சென்னையில் இருந்தவர். அங்கே தாயை இழந்து, மூன்று வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, விம்பிள்டனில் மாமியொருவரிடம் வளர்ந்தார். பியானோவும் பேச்சுப்பயிற்சியும் கற்பித்துச் சீவித்தவர், 1925 இல், தமது 33 ஆவது வயதிலேதான் நாடக மேடையேறினார். ஆசிரியத் தொழிலின் நெளிவு சுழிவுகளை அவர் அறிந்தவர். கிரென்பெல் வானொலி வளர்த்த கலைஞர். 1946 இல் பி.பி.சி. தனது மூன்றாவது ஒலிபரப்பைத் தொடங்கியபொழுது, எப்படிச் செவிமடுப்பது என்பதைப் பற்றிய நகைச்சுவை நிகழ்ச்சியே முதலில் ஒலித்தது. ஸ்டீபன் பொட்டருடன் அதனை ஆக்கியவர் இவரே. பாலர் வகுப்பு ஆசிரியை ஒருவராக அவர் தனித்து நடித்த காட்சிகளும் பெரும்புகழ் பெற்றவை.

நேயர்களே, இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது நான் இளம் ஆசிரியர். எங்கள் பாடசாலைக்கு இன்னொரு பாடசாலை மாலை நேரத்தைத் தந்து உதவியது. காலைப் பாடசாலையார் கரும்பலகையின் பாதியிற் பாடத்தை எழுதி, அழிக்க வேண்டாம் என்று குறித்துவிட்டுப் போவார்கள். மற்றப் பாதியில் நாங்கள் கற்பிப்போம். தண்ணீர்ப் பானைக்கும் அலுமாரித் திறப்புக்கும் பிணக்குகள் வந்ததுண்டு.

எங்களுடன் ஐம்பது வயது கடந்த ஆசிரியை ஒருவர் இருந்தார். வீடு வாசலை விட்டு வந்தவர். வரவு இடாப்பை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவர். வாங்குகள் போதவில்லையென்றால் அதிபரிடம் போய் வாதாடுவார். மாமர நிழலில் வகுப்பை வைத்து, மணி அடித்தவுடன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிடுவார். அவருடைய நடையையும் குரலையும் நாங்கள், இளம் ஆசிரியர்கள், மறைவில் நடித்துக்காட்டிச் சிரித்தோம். நானும் சிரித்தேன். பல ஆண்டுகளின் பின் இப்படத்தைப் பார்த்தபொழுது, ரதர்போர்ட் அம்மையார் நடந்துவரும் காட்சியில் அந்த ஆசிரியையைக் கண்டேன். நாங்கள் நடித்துக் காட்டியதில் அவருடைய நடை மட்டும் இருந்தது. அந்த நடை எதற்காக என்பது இருக்கவில்லை. அம்மையாரின் நடிப்பில் அதுவும் இருந்தது. அன்று சிரித்ததற்காக நான் வெட்கப்பட்டேன்.

வயது முதிர்ந்த ஆசிரியையைக் கேலிப்பொருளாக்குவது நாடகத்துக்கும் சினிமாவுக்கும் எளிதான காரியம். மூக்குக்கண்ணாடி, பிரம்பு, கீச்சுக் குரல் என்பன போதும். ஐம்பத்தேழு வயதை எட்டிய ஒரு நடிகை அந்த எளிய வழியை விலக்கி நடித்தார் என்பதே இப்படத்தின் சிறப்பு.

1954 இல் இதே லோண்டர் 'தி பெல்ஸ் ஒவ் செயின்ற் டிரினியன்ஸ்' என்னும் படத்தை எடுத்தார். அதிலே தலைமை ஆசிரியையாகப் பெண்வேடமிட்டு நடித்தவர் அலஸ்டயர் சிம். அப்படமும் அதன் வழிவந்தவையும் பெரும்புகழ் பெற, முந்திய படம் நிழலில் ஒதுங்கிவிட்டது. ரதர்போர்ட் பின்னாளில், 1963 இல் வெளிவந்த வேறொரு படத்துக்காக ஒஸ்கார் விருது பெற்றார். 1972 இற் காலமானார். கிரென்பெல் 1979 இல் மறைந்தார்.

வாய்ப்புக் கிடைப்பின் இப்படத்தைப் பாருங்கள். வயிறு குலுங்கச் சிரியுங்கள். சிரித்து முடிந்தபின், உங்களுக்குக் கற்பித்த ஆசிரியை ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இன்றும் உயிரோடு இருப்பாராயின், ஒருமுறை சென்று பார்த்து வாருங்கள். என் ஆசிரியை நண்பரைப் பார்க்கும் பாக்கியம் எனக்கு இனி இல்லை.